அனுப்பும் ஊருக்கு எந்த வேகம் வேண்டும்? சேலத்துச் சிறுதொழில்களும் பிராட்பேண்டும்

சேலம் மாநகரின் மின்கம்பங்களில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் ஃபைபர் இணைப்பு விளம்பரத் தட்டிகள் பெரிய எழுத்தில் காட்டுவது ஒரே ஒரு விவரத்தைத்தான். 50 எம்பிபிஎஸ், 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் என்று எதுவாக இருந்தாலும், அது இணையத்திலிருந்து வாடிக்கையாளரின் இடத்துக்குத் தரவு வந்து இறங்கும் வேகம். வீட்டில் படம் பார்ப்பவருக்கு அந்த விவரம் போதும். கொலுசும் சேலையும் செய்து, ஜவ்வரிசி காய்ச்சி, மாம்பழம் விளைவித்து, எல்லாவற்றையும் வெளியூருக்கு அனுப்பியே பிழைக்கும் ஒரு வட்டாரத்தில் கடையோ பட்டறையோ நடத்துபவருக்கு அது போதாது. இங்கிருந்து வெளியே ஏற்றும் வேகம் எவ்வளவு, மாலை நேர நெரிசலிலும் அது நிலைத்து நிற்குமா, லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்டாக வேண்டும். அதிவேக இணைப்பால் சிறுதொழிலுக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி இந்த மூன்று விடைகளில்தான் அடங்கியிருக்கிறது என்பதும், அந்த நன்மை எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள ஓர் இணைப்புக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் இந்தியாவில் முன்பு நொடிக்கு 512 கிலோபிட்டாக இருந்தது. 2023 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அதை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. இன்றைய வேலைகளுக்கு இந்த 2 மெகாபிட் மிகச் சிறிய அளவு. சட்டப்படி பிராட்பேண்ட், நடைமுறையில் காத்திருப்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். விளம்பரங்களில் எம்பிபிஎஸ் என்று வரும் எண் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு, நம் செல்பேசியில் கோப்பின் அளவாகத் தெரிவது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் நகரும்.

தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பழைய பிராட்பேண்டில், இறங்கும் வேகம் நல்ல நிலையில் 24 மெகாபிட் வரை போனாலும், ஏறும் வேகம் ஏறத்தாழ 1 மெகாபிட்டுடன் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் என்றால் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்பவர், அதற்குள் போடுபவர் அல்லர் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட தொழில்நுட்பம் அது. ஒரு ஜிபி அளவுள்ள வீடியோவை அந்த 1 மெகாபிட் வழியில் ஏற்ற 8,000 நொடிகள், அதாவது இரண்டே கால் மணி நேரம் ஆகும். ஏறும் வேகம் 50 மெகாபிட்டாக இருக்கும் ஃபைபரில் அதே வேலை மூன்று நிமிடத்துக்குள் முடியும். கண்ணாடியிழையில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே அவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு தேவையில்லை. ஆயினும் சில திட்டங்களில் இறங்கும் வேகம் 100 என்று போட்டுவிட்டு ஏறும் வேகத்தைக் குறைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

நிலைத்த வேகம் என்ற இரண்டாவது கேள்விக்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு. இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் வகை ஃபைபரில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் இறக்கத்தையும் 1.25 ஜிகாபிட் ஏற்றத்தையும் சுமக்கிறது. தெருவில் உள்ள ஸ்பிளிட்டர் வழியாக அது 32 அல்லது 64 இணைப்புகளுக்குப் பிரிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தைக் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் விற்பனை நடக்கிறது. அந்தக் கணக்கு பெரும்பாலான நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் நிலையத்திலிருந்து வெளியுலகுக்குப் போகும் இணைப்பை நிறுவனம் போதிய அளவில் வாங்காமல் சிக்கனம் பிடித்தால், இரவு ஏழு மணிக்கு மேல் தெருவே திணறும்.

இந்த இரவு ஏழு மணி யாருக்கு முக்கியம் என்பதை இளம்பிள்ளையில் பார்க்கலாம். சேலத்துக்குத் தென்மேற்கே உள்ள இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் தறிச் சத்தத்தால் அறியப்பட்டவை. முன்பெல்லாம் வியாபாரி நேரில் வந்து கட்டுக் கட்டாக எடுத்துப்போவார், அல்லது இங்கிருந்து ஒருவர் மாதிரிச் சேலைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார். இன்று அந்த வியாபாரத்தில் கணிசமான பகுதி வாட்ஸ்அப் குழுக்களுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் மாறிவிட்டது. வீட்டிலிருந்தபடியே விற்கும் ரீசெல்லர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கடைக்காரர் போடும் படத்தையும் வீடியோவையும் தம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆர்டர் வந்தபின் பணம் கட்டினால், சேலை நேராக இளம்பிள்ளையிலிருந்து வாங்குபவரின் வீட்டுக்குக் கூரியரில் போகிறது. ரீசெல்லர் சரக்கை வாங்கிவைக்கத் தேவையில்லை, கடைக்காரர் வெளியூரில் கிளை திறக்கத் தேவையில்லை. ‘சிங்கிள் பீஸும் கூரியர் செய்யப்படும்’ என்ற ஒரு வரி, மொத்த விலைக் கடைக்கும் சில்லறை வாங்குபவருக்கும் நடுவே இருந்த இரண்டு மூன்று படிகளைக் குறைத்திருக்கிறது.

வாங்குபவர் சேலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதால், இந்த வியாபாரம் முழுக்க அந்த வீடியோவின் தெளிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வீடியோவை அனுப்பும் மென்பொருள் ஒவ்வொரு காட்சியையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதை மட்டும் அனுப்பி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. பின்னால் இருக்கும் வெற்றுச் சுவருக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. ஆனால் விற்பனைப் பெண் முந்தியை விரித்துக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து லேசாக அசைக்கும்போது, ஜரிகையின் ஒவ்வொரு மினுக்கலும் ஒவ்வொரு காட்சியிலும் மாறுகிறது. அனுப்ப வேண்டிய வேறுபாடு பல மடங்காகிறது. அந்த நேரத்தில் ஏறும் வேகம் போதவில்லை என்றால் மென்பொருள் நுணுக்கங்களைத்தான் முதலில் கைவிடும். பார்டரில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன அன்னங்கள் மஞ்சள் திட்டுகளாக மாறிவிடும். நிறத்துக்கும் இதே கதிதான். பொதுவாக வீடியோவில் வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம் குறைவாகவே பதியப்படுகிறது. அதன்மேல் வேகம் போதாமல் மென்பொருள் செய்யும் சுருக்கமும் சேர்ந்தால், பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடி மடிப்புக்கு மடிப்பு சாயல் மாறும் மயில்கழுத்துச் சேலை, வாங்குபவரின் திரையில் சாதாரண நீலமாகத் தெரியும். மயில்கழுத்து கேட்டவருக்கு ராமர் பச்சை வந்துவிட்டது என்ற புகாரில் பாதி, சேலையை மாற்றி அனுப்பியதால் எழுவதில்லை என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதை ரூபாயில் எண்ணிப் பார்க்கலாம். 700 ரூபாய்ச் சேலையில் கடைக்காரருக்கு 60 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தால், போக வர ஆன கூரியர் செலவே அந்த 60 ரூபாயைத் தின்றுவிட்டு அடுத்த சேலையின் லாபத்திலும் கை வைக்கும். முழு எச்டி தரத்தில் நேரலை போட ஏறக்குறைய 5 முதல் 10 மெகாபிட் வரை தொடர்ச்சியான ஏறும் வேகம் வேண்டும். வாடிக்கையாளர்கள் சமையலை முடித்துவிட்டுச் செல்பேசியைக் கையில் எடுக்கும் இரவு ஏழு முதல் ஒன்பது வரை அந்த வேகம் அசையாமல் நிற்க வேண்டும். செல்பேசி இணைப்பிலேயே நேரலை போடுபவர்களும் உண்டு. ஆனால் ஒரு தெருவில் பத்துக் கடைகள் ஒரே டவரைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் ஏற்றத் தொடங்கினால், யாருடைய ஜரிகை மினுங்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சொந்தமாக ஃபைபர் இழுத்துக்கொண்ட கடைக்கு அந்த நிச்சயமின்மை குறைகிறது.

இளம்பிள்ளைக்குப் பொருந்தும் இந்த நியாயத்தை அப்படியே எல்லாத் தொழிலுக்கும் நீட்டுவது பிழையாகும். பிராட்பேண்டின் பலன்களைப் பட்டியலிடும் பலர், யுபிஐ, ஜிஎஸ்டி, இ-வே பில் எல்லாவற்றையும் அதன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 2016-இல் தொடங்கிய யுபிஐயில் ஒரு பணப் பரிமாற்றத்துக்கு ஓடும் தரவு ஒரு சிறிய புகைப்படத்தைவிடவும் குறைவு. மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்குக்கு எடுக்க வேண்டிய இ-வே பில்லும், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமான மின்னணு விலைப்பட்டியலும் அப்படித்தான். லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டி நிற்கும்போது பில் வராமல் தவிப்பது உண்மையான தவிப்பு. ஆனால் அங்கே வேண்டியது அறாத இணைப்பே ஒழிய அதிவேக இணைப்பு இல்லை. மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டி போர்ட்டல் திணறினால், 300 மெகாபிட் வைத்திருப்பவரும் மற்றவரோடு சேர்ந்து சுற்றும் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேகம் தேவைப்படுவது, ஒரே நேரத்தில் பலர் பல வேலைகளைச் செய்யும் இடத்தில். கணக்கு மென்பொருளைத் தொலைவிலுள்ள சர்வரில் வைத்து, கடையிலிருந்து ஒருவரும் குடோனிலிருந்து ஒருவரும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவரும் ஒரே புத்தகத்தைப் பார்க்கும் ஏற்பாடு இப்போது சிறு நிறுவனங்களிலும் வந்துவிட்டது. அதற்கு நடுவில் கேமராக்கள் படத்தை வெளியே அனுப்புகின்றன. முழு எச்டி கேமரா ஒன்று ஏறக்குறைய 2 மெகாபிட் எடுத்துக்கொண்டால், நான்கு கேமராக்களுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் 8 மெகாபிட் ஏறும் வேகம் தனியாகப் போய்விடும். கேமரா மாட்டிய மறுநாளிலிருந்து பில் மெதுவாக வருகிறது என்று புகார் சொல்பவர், பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவராக இருப்பார்.

கேமரா மிகுதியாக இருக்கும் தொழில் வெள்ளித் தொழில். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி வட்டாரங்களில் கொலுசு என்பது ஒரே கூரையின்கீழ் நடக்கும் உற்பத்தி இல்லை. வெள்ளியை உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், வளையம் கோத்துப் பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை வைப்பது மற்றொரு வீடு, மெருகேற்றுவது வேறொரு பட்டறை என்று எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கியே வேலை நகர்கிறது. 2024-இல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய ஒரு உலோகத்தில் சேதாரம் ஒரு கிராம் கூடினாலும் பேச்சு வரும். அதனால் கேமரா. ஆனால் இந்தத் தொழிலுக்கு வேகமான இணைப்பு தரும் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. வடமாநில வியாபாரி நேரில் வராமலே மாடல் தேர்ந்தெடுக்கிறார். அவருக்கு 300 மாடல்களின் படங்கள் போக வேண்டும். ஒரு படம் 5 எம்பி என்றால் மொத்தம் ஒன்றரை ஜிபி. பழைய கம்பி இணைப்பில் அதை ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், படங்களைச் சுருக்கி, மங்கலாக்கி, பாதியை விட்டுவிட்டு அனுப்பினார்கள். இன்று ஐந்தாறு நிமிடத்தில் மூலப் படங்களே போய்விடுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும்; டாக்குமென்ட் ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். பற்றவைத்த இடத்தின் சுத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வியாபாரியிடம், இந்தச் சிறு வேறுபாடே ஆர்டர் கிடைப்பதற்கும் தவறுவதற்கும் காரணமாகலாம்.

2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வெள்ளி நகைக்கும் தனித்தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் விருப்ப அடிப்படையில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்கத்தில் நடந்ததைப் பார்த்தால், விருப்பம் என்பது ஒருநாள் கட்டாயமாக மாறும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அப்போது எண், எடை, தரம் ஆகியவை ஒவ்வொரு உருப்படிக்கும் கணினியில் ஏற வேண்டும்; பெரிய கடைகள் சமாளித்துக்கொள்ளும், வீட்டுப் பட்டறைகள்தான் தடுமாறும்.

இந்த நன்மை எவருடைய பைக்குப் போகிறது என்ற கேள்வியையும் இங்கே கேட்க வேண்டும். கொலுசுக்குச் சொந்தமாக வெள்ளி போட்டு விற்பவர் தம் வாடிக்கையாளர் வட்டத்தை விரிக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பற்றவைத்துக் கொடுப்பவரின் கூலி, வியாபாரியிடம் எத்தனை மெகாபிட் இருக்கிறது என்பதைப் பார்த்து ஏறுவதில்லை. வேலை கூடலாம், கூலி விகிதம் அப்படியே இருக்கலாம். தறியிலும் இதுவே நிலை. இணைப்பு வந்தால் கடைக்கோடித் தொழிலாளி வரை வளம் பாயும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. விலை சொல்லும் இடத்தில் இருப்பவருக்குத்தான் அது முதலில் பயன்படும். தொழிலாளியே தன் பெயரில் விற்கத் தொடங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

தகவல் வேகமாகப் போவதால் விலையில் என்ன நடக்கிறது என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே நன்கு ஆராயப்பட்ட சான்று இருக்கிறது. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையே செல்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, மத்தி மீன் பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் நல்ல விலை என்று கேட்டுக் கரை சேரத் தொடங்கினார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது, விற்காமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது, மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலையும் 4 விழுக்காடு இறங்கியது. இந்த ஆய்வைப் பிராட்பேண்டுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அங்கே அந்த மாற்றத்தைச் செய்தது வெறும் குரல் அழைப்பு. விலை அறிவதால் வரும் முதல் லாபத்துக்கு வேகம் வேண்டியதில்லை. சேலத்து மல்கோவாவும் இமாம்பசந்தும் மத்தி மீனைப் போலவே கெடும் சரக்குகள். பருவத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி பெட்டியாக நேரடி ஆர்டர் பிடிக்கும் தோப்புக்காரருக்கு நல்ல செல்பேசி இணைப்பே போதும். ஜவ்வரிசியின் நிலையும் ஏறத்தாழ அதுதான். தரம் பிரித்து, மாதிரி பார்த்து, 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு வழியாக மூட்டைக் கணக்கில் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போகும் சரக்கில், ஆலைக்காரரின் வைஃபை வேகத்தால் மாறக்கூடியது அதிகமில்லை.

மலைக்கு மேலே போனால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இருக்கும் ஏற்காட்டில், வேகம் நேரடியாக வருமானமாக மாறும் தொழில் தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும்தான். சனி, ஞாயிறும் கோடை விழாவும் எப்படியும் நிறையும். அறைகள் காலியாகக் கிடப்பது வார நாட்களில். பெங்களூரிலோ சென்னையிலோ கணினி வேலை பார்ப்பவர் புதன்கிழமையும் மலையில் தங்கி வேலை செய்யலாம் என்றால், அவர் முதலில் கேட்பது அறையிலிருந்து வியூ எப்படி என்பதை அல்ல, வீடியோ கூட்டத்துக்கு நெட் நிற்குமா என்பதைத்தான். ஒரு வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 2 முதல் 4 மெகாபிட் வேண்டும். நான்கு அறைகளில் நான்கு பேர் பேசினாலும் 50 மெகாபிட் இணைப்பு தாராளமாகத் தாங்கும். தாங்காமல் போவது பெரும்பாலும் கட்டடத்துக்குள். பழைய தோட்டத்து பங்களாக்களின் கனத்த கற்சுவரை, வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை தாண்டாது. கூடத்தில் ஒரு ரூட்டரை வைத்துவிட்டு ‘அதிவேக வைஃபை’ என்று எழுதிப் போடுவதைவிட, அறைக்கு அறை கேபிள் இழுத்துச் சிறு ரூட்டர்கள் வைப்பது ஒருமுறைச் செலவு. முன்பதிவுத் தளங்களுக்கு அறை வாடகையில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ கமிஷனாகப் போகும் தொழிலில், வந்த விருந்தினரே அடுத்த முறை நேராக அழைத்து அறை கேட்கும்படி செய்வது அந்தச் செலவை விரைவில் ஈடுகட்டும்.

காபி வேறு கதை. 1996-இல் காபி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் முற்றிலும் முடிவுக்கு வந்தபின், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சிறு விவசாயி தன் காபியின் விலையைத் தானே தெரிந்துகொள்ள வேண்டியவராகிவிட்டார். இங்கே விளையும் அராபிகாவின் விலைக்கு நியூயார்க் சந்தை வழிகாட்டி. அந்த விலையை அறியச் செல்பேசி போதும். ஆனால் பழத்தை அப்படியே வியாபாரிக்குப் போடாமல், உலர்த்தி, வறுத்து, அரைத்து, தன் தோட்டத்தின் பெயரிலேயே விற்க நினைப்பவருக்குப் படமும் வீடியோவும் இணையக் கடையும் தேவைப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம், அமலாகும் தேதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும், அங்கே போகும் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்குப் புவியிடக் குறியீடுகளைக் கேட்கிறது. நாகலூரிலோ மாரமங்கலத்திலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் விவரத்தையும் யாராவது கணினியில் ஏற்றியாக வேண்டும்.

அந்த ஊர்களுக்கு ஃபைபர் எப்படிப் போகிறது என்பதில்தான் சிக்கல். 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறி, தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் இலக்கோடு நடக்கிறது. சேலம் மாவட்டத்தில் 385 ஊராட்சிகள். சமவெளியில் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டால் ஊருக்குள் வந்துவிட்டதாகவே கொள்ளலாம். கேபிள் டிவி நடத்துபவர் அங்கிருந்து வீடுகளுக்கு இழுத்துவிடுவார். ஏற்காடு ஒன்றியத்திலோ ஊராட்சிகள் ஒன்பது, மலைக்கிராமங்கள் அறுபதுக்கும் மேல். ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடைசிக் கிராமத்துக்கு ஒரு பள்ளத்தாக்கே குறுக்கே இருக்கலாம். அந்தக் கடைசித் தொலைவை எந்தத் தனியார் நிறுவனமும் லாபக் கணக்கில் இழுக்காது. முப்பது வீட்டுச் சந்தாவில் மூன்று கிலோமீட்டர் கேபிளின் விலை எத்தனை ஆண்டில் வசூலாகும் என்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதைவிடப் பெரிய பலவீனம், வழி ஒன்றே ஒன்று என்பது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சாலையோரமாகவே செல்லும் கேபிளுக்கு அதே சரிவு ஆபத்து. சில்வர் ஓக் மரம் சாய்ந்தாலும், சாலை விரிவுபடுத்தும் ஜேசிபியின் பல் பட்டாலும், கீழே ஓரிடத்தில் அறுந்தது மேலே எல்லோருக்கும் போய்விடும். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இன்னொரு சாலை உண்டு. இரு சாலைகளிலும் இழை இட்டு இரண்டையும் மேலே சேர்த்து வளையமாக்கினால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தரவு ஓடும். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் திருத்தியமைக்கப்பட்ட பாரத்நெட் திட்டம் இத்தகைய வளைய அமைப்பையே முன்வைக்கிறது. மலைக்கு இதைத்தான் முதலில் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து. 100 மெகாபிட்டை 300 ஆக்குவது பிறகு வரட்டும்.

மூன்றாவது கேள்வியான பழுதுநீக்கம் மலைக்கும் சமவெளிக்கும் பொது. நெட் போய்விட்டது என்றால், சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியை முதலில் பார்க்க வேண்டும். அதில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. சிவப்பு இல்லாமல் நெட் மட்டும் மெதுவாக இருந்தால், வரும் ஒளி பலவீனமாகியிருக்கலாம். பழுதுபார்க்க வருபவரின் கையில் இருக்கும் மீட்டர் அதை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்றோ நாளையோ அறுபடும். பல கடைகளில் இதற்குக் காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது: அழகாகத் தெரிய வேண்டும் என்று கதவு நிலையின் மூலையில் இழையைச் செங்கோணமாக மடித்து ஆணி அடித்திருப்பார்கள். கண்ணாடியிழை அவ்வளவு கூர்மையாக வளைந்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். மின்தடைக்கு ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும், ஆனால் நிறுவனத்தின் நிலையத்திலும் பேட்டரி இருந்தால்தான் அதனால் பயன்.

பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று எழுத்தில் உறுதி தரும், ஒரு வாடிக்கையாளருக்கென்றே ஒதுக்கப்படும் லீஸ்டு லைன் இணைப்புகளுக்கு வாடகை பல மடங்கு. பத்துத் தறி வைத்திருப்பவருக்கும் கொலுசுப் பட்டறைக்கும் அது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஏற்றது, சாதாரண ஃபைபர் ஒன்றும் வேறு நிறுவனத்தின் செல்பேசி டேட்டா ஒன்றும் வைத்து, ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாறும் ரூட்டரைப் போட்டுக்கொள்வது. இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால், பல சமயம் இரண்டும் ஒரே கேபிளைத்தான் நம்பியிருக்கும். இணைப்பை வீட்டின் பெயரில் எடுக்காமல் கடையின் ஜிஎஸ்டி எண்ணில் எடுத்தால், மாதக் கட்டணத்தின் மேல் விதிக்கப்படும் 18 விழுக்காடு வரியை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் விடுபவர்கள் ஏராளம். தெருவில் பள்ளம் தோண்டுபவர்கள் முன்கூட்டியே தகவல் தந்து கேபிளைக் காப்பாற்றுவதற்கென 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியை மத்திய அரசு வெளியிட்டது. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டும் ஒப்பந்ததாரர்கள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதை மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் தங்கள் ஒப்பந்தங்களில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.